மோரிஸுக்கும் ஃபியட்டுக்கும் முப்பது நாள்

கடைசியாக நாச்சிமுத்து துளசிமணியை உயிரோடு பார்த்தபோது அவள் கார்க் கொட்டகையில் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தாள். கொட்டகைக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருந்த ஃபியட்டின் பானெட்டில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, இந்த ரெண்டுல எது நல்ல வண்டின்னு ஒரு நாளைக்குப் பாத்துப்போடோணுங்க" என்றாள்.

"பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் டீத்தூள் வாங்கக் கடைக்குப் போனார். திரும்பி வருவதற்குள் அவள் இறந்துபோயிருந்தாள்.

அந்த ஊரில் இறந்தவர்களுக்கு முப்பது நாள் தவணை உண்டு. பாதியில் விட்டுப்போன வேலை ஒன்றை, ஒன்றே ஒன்றை, அதற்குள் முடித்துக்கொள்ளலாம். மூன்றாவது தெருத் தையற்காரர் இறந்த பிறகு பதினோரு ஜாக்கெட் தைத்து முடித்தார். கொக்கி மட்டும் வைக்கவில்லை. அது வேறு வேலை என்று சொல்லிவிட்டார்கள். வேலை எந்தப் பொருளில் முடிகிறதோ அந்தப் பொருளிலேயே அவர்கள் தங்கிவிடுவார்கள். தையற்காரர் இன்றைக்கும் தையல் மிஷினில்தான் இருக்கிறார். அவர் மகன் தைக்க உட்காருவதற்கு முன்பு செருப்பைக் கழற்றி வைத்துவிடுகிறான்.

மூன்றாம் நாள் காலையில் நிலுவை வேலைகளைப் பதிவு செய்யும் பிலோமினா வந்தார். ஐம்பது வயதிருக்கும். குடையும் நீள நோட்டும் வைத்திருந்தார். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, துக்கம் விசாரிக்கும் அளவுக்குச் சும்மா இருந்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"கடைசியா என்ன சொன்னாங்க?"

நாச்சிமுத்து சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாக்கலாம்னேன்."

"அது பதிவுக்கு வேண்டாம்" என்றார் பிலோமினா. இரண்டு கார்களில் எது நல்லது என்று பார்த்தல் என்று எழுதிக்கொண்டார். "எந்த எந்த வண்டி?"

அவரைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார் நாச்சிமுத்து. இடப்பக்கம் நின்றது ஐம்பத்தொன்றாம் வருடத்து மோரிஸ் மைனர். பச்சை நிறம். முன்கண்ணாடி நடுவில் ஒரு கம்பி வைத்து இரண்டாகப் பிரிந்திருக்கும். கியர் தரையில். திரும்பும்போது கதவுக்குப் பக்கத்துத் தூணிலிருந்து மஞ்சளாக ஒரு கை வெளியே நீளும். வலப்பக்கம் நின்றது ஐம்பத்தாறாம் வருடத்து ஃபியட் ஆயிரத்து நூறு. சாம்பல் நிறம். முன்கண்ணாடி ஒரே வளைவு. கியர் ஸ்டியரிங்குக்குக் கீழேயே இருக்கும். முன்கதவுகள் எல்லா வண்டிகளுக்கும் எதிர்ப்பக்கமாகத் திறக்கும். இறங்குகிறவர் வந்த வழியைப் பார்க்காமல் போகிற வழியைப் பார்த்து இறங்கலாம் என்பார் நாச்சிமுத்து. அதை ஃபியட்டுக்கு ஒரு பெருமையாகவே அவர் நாற்பத்து நான்கு வருடமாகச் சொல்லிவந்தார்.

"பச்சை யார் வாங்கினது?"

"அவங்க அப்பா. கல்யாணச் சீருங்க."

"சாம்பல்?"

"என்னுது."

பிலோமினா நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டார். பிறகு விதியைச் சொன்னார். சீராக வந்த பொருள் முப்பத்தோராம் நாள் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிடும். இது நாச்சிமுத்துவுக்கும் தெரியும். துளசிமணி ஃபியட்தான் நல்லது என்று முடிவு செய்தால் ஃபியட்டிலேயே தங்கிக்கொள்வாள், இந்த வீட்டில் இருப்பாள். மோரிஸ் என்று முடிவு செய்தால் மோரிஸோடு தம்பி வீட்டுக்குப் போய்விடுவாள்.

"நடுவுல நான் எதாச்சும் சொல்லலாங்களா?"

"அவங்களுக்குக் கேக்காது. வண்டியோட வெளியில போயிருக்கற எடத்துல சொன்னா மட்டும் கேக்கும். வீட்டுக்குள்ள, கொட்டகையில சொன்னா கேக்காது."

"சரிங்க."

"ரெண்டுலயும் நீங்க ஏறக் கூடாது. பெட்ரோல் ஊத்தலாம். தொடலாம். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வந்து மீட்டர் பாப்பேன்."

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் கண் அசந்தார். எழுந்து கொட்டகைக்குப் போனபோது மோரிஸ் நின்ற இடத்தில்தான் நின்றது. டயருக்கு அடியில் இருந்த வேப்பங்கொட்டை நசுங்காமல் அப்படியே கிடந்தது. மீட்டரில் மட்டும் எட்டு மைல் கூடியிருந்தது. பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். டிரைவர் சீட் அதன் பல்சட்டத்தில் மூன்று பல் முன்னுக்குத் தள்ளியிருந்தது. துளசிமணி குள்ளம்.

அவள் வண்டி ஓட்டி அவர் பார்த்ததில்லை. இறந்த பிறகு பழகிக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

மறுநாள் மதியம் ஃபியட் ஓடியது. அதற்கு மறுநாள் மோரிஸ். இப்படி மாற்றி மாற்றி ஓடின. சில நாள் ஆறு மைல், சில நாள் பதினொன்று. அவருக்கு நாளில் அந்த ஒரு வேலைதான் இருந்தது. மூன்று மணிக்குக் கொட்டகைக்குப் போய் அன்றைக்கு ஓடிய வண்டியின் பானெட்டில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, சூடு ஆறும் வரை நிற்பார். ஃபியட் ஆற முக்கால் மணி நேரம் ஆகும். மோரிஸ் அரை மணியில் ஆறிவிடும். அதனாலேயும் அவருக்கு ஃபியட் பிடித்திருந்தது. வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதை அவர் நிறுத்தியிருந்தார். இரண்டு வேளையும் மெஸ் சாப்பாடு. காப்பியும் டீயும் விட்டாயிற்று. வாங்கி வந்த டீத்தூள் பொட்டலம் பிரிக்கப்படாமல் ஜன்னலில் இருந்தது.

அவர்கள் இருவருக்கும் பேச்சு என்று இருந்ததே இந்த வண்டிகளைப் பற்றித்தான். பிள்ளை இல்லை. காலையில் அவர் பம்புசெட் ரிப்பேருக்குப் போய்விடுவார். சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் அவள் தொடங்குவாள். மோரிஸில் போனால் குழி தெரிவதில்லை என்பாள். ஃபியட்டில் பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம் என்பார் அவர். நாம் இருப்பது ரெண்டு பேர்தானுங்களே என்பாள். ஃபியட் மேட்டில் இழுக்கும் என்பார். நம் ஊரில் மேடே இல்லீங்களே என்பாள். அதற்குமேல் அவர் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். ஸ்டியரிங் விஷயத்தில் மோரிஸ்தான் உசத்தி என்று அவருக்குத் தெரியும். விரலால் ஓட்டலாம். நாற்பத்து நான்கு வருடத்தில் அதை ஒருமுறைகூட அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பத்தாம் நாள் மச்சினன் தெய்வசிகாமணி வந்தான். துளசிமணிக்கு எட்டு வயது இளையவன். அறுபதைத் தொட்டுவிட்டான். பிறந்த ஊரான மேட்டுவலசில் தென்னந்தோப்பு வைத்துத் தனியாக இருந்தான். மனைவி கோபித்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டு வருடம். கையில் இளநீரும், சட்டைப் பையில் அளவு டேப்பும் கொண்டுவந்திருந்தான். இளநீரை அவரிடம் கொடுத்துவிட்டு மோரிஸை நீளவாக்கில் அளக்க ஆரம்பித்தான்.

"எதுக்கு மாப்ள அளக்கறே?"

"தகரக் கொட்டாய் போட்டிருக்கறேன் மச்சான். அக்கா வந்தா வெயில்ல நிக்கக் கூடாது பாருங்க."

"அவ வர்றான்னு யாரு சொன்னா?"

"மோரிஸ் எங்கூட்டு வண்டி. அக்கா எங்கூட்டுப் பொண்ணு. கூட்டிக் கழிச்சுப் பாருங்க."

"இந்தத் தகர டப்பாவுல அவ இருப்பாளா? மழை பேஞ்சா கால்மாட்டுல தண்ணி நிக்கும்."

"உங்க வண்டியில மட்டும்? கதவத் தப்பாத் தொறக்கற வண்டிய வெச்சுக்கிட்டு எங்க வண்டியப் பேசறீங்க. ரோட்டுல போறவன் சைக்கிளோட உள்ளாற வந்து உக்காந்துக்குவான்."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது என்று இளநீரைக் குடித்தார். சிகாமணி டேப்பைச் சுருட்டிக்கொண்டு இரண்டு வண்டிக்கும் நடுவில், அவள் நின்ற இடத்தில், கொஞ்ச நேரம் நின்றான்.

"பேசறதுக்கு ஆளில்லீங்க மச்சான், அங்க" என்றான்.

"இங்க மட்டும்?" என்றார் நாச்சிமுத்து.

சிகாமணி நாலரை பஸ்ஸில் போய்விட்டான்.

பதினேழாம் நாள் செவ்வாய்க்கிழமை. பிலோமினா இரண்டு மீட்டரையும் பார்த்து எழுதிக்கொண்டார். ஃபியட் அறுபத்து மூன்று மைல். மோரிஸ் ஐம்பத்திரண்டு.

"ஃபியட் முன்னால இருக்கு. ஆனா அத வெச்சு சொல்ல முடியாது" என்றார். "ஃபியட் அவங்களுக்குப் புதுசு. பழகறாங்க. போன வாரம் கியர் மூணுலயே விட்டுட்டு எறங்கியிருக்காங்க, பாத்தீங்களா? நேத்து ரிவர்ஸ் எடுத்துப் பாத்திருக்காங்க. மோரிஸ்ல அப்படி எதுவும் தடுமாற்றம் இல்ல. நேரா எடுக்கறாங்க, நேரா வர்றாங்க."

"அதுக்கு என்னங்க அர்த்தம்?"

"அர்த்தம் என் வேலை இல்லீங்க. மைல் மட்டுந்தான்."

அன்றைக்கும் மறுநாளும் தொடர்ந்து மோரிஸ் ஓடியது. இரண்டு நாளும் பதினேழு பதினேழு மைல். பானெட் அரை மணியில் ஆறிவிட்டது. நாச்சிமுத்து ஆறிய இரும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். மேட்டுவலசுக்குப் போய்வரப் பதினேழு மைல்தான்.

பத்தொன்பதாம் நாள் காலையில் அவர் ஒரு ரப்பர் டியூபும் கேனும் எடுத்துக்கொண்டு போய் மோரிஸின் டேங்கில் இருந்த பெட்ரோலை வாயால் உறிஞ்சி இறக்கினார். மோரிஸ் ஓடாவிட்டால் ஃபியட்டில்தான் போவாள், போகப் போகப் பிடித்துவிடும் என்பது அவர் கணக்கு. ஒரே சமையலைச் சாகும்வரை சாப்பிட்டால் அதுவே பிடித்துவிடும் என்று நினைப்பவர் அவர். வாயில் பெட்ரோல் நாற்றம் சாயங்காலம் வரை போகவில்லை. டேங்கின் அடியில் ஒரு கால் லிட்டரோ அரை லிட்டரோ டியூபுக்கு எட்டாமல் தங்கிவிட்டது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மதியம் மோரிஸின் மீட்டர் நாலே கால் மைல் ஓடி, இரண்டு எண்களுக்கு நடுவில் நின்றது.

மறுநாள் எந்த வண்டியும் ஓடவில்லை. அதற்கு மறுநாளும் ஓடவில்லை. இரண்டு பானெட்டும் சில்லென்று இருந்தன. இருபத்திரண்டாம் நாள் நாச்சிமுத்து கேனில் இருந்த பெட்ரோலை மோரிஸிலேயே திரும்ப ஊற்றினார். மூன்று மணிக்குப் போய்த் தொட்டுப் பார்த்தார். சில்லென்றே இருந்தது. வேப்பங்கொட்டை நசுங்காமல் கிடந்தது. டிரைவர் சீட் முன்னுக்குத் தள்ளியபடி இருந்தது.

இருபத்து நான்காம் நாள் செவ்வாய்க்கிழமை பிலோமினா வந்தார். மீட்டரைப் பார்த்தார். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தார். நாச்சிமுத்துவின் சட்டையையும் லேசாக முகர்ந்தார்.

"வழியில நின்னுட்டாங்க" என்றார்.

"நான் திரும்ப ஊத்திட்டனுங்களே."

"வண்டி இங்க இருக்கு, ஊத்திட்டீங்க. அவங்க அங்க இருக்காங்க. ஊத்தினது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிலோமினா சொன்னதில் தவறு எதுவும் இருப்பதாக நாச்சிமுத்துவுக்குத் தோன்றவில்லை. "இப்ப என்னங்க ஆகும்?" என்று கேட்டார்.

பிலோமினா நோட்டின் பின்பக்கம் ஒட்டியிருந்த விதித்தாளைப் படித்துப் பார்த்தார். முப்பதாம் நாள் சாயங்காலம் வரை மோரிஸ் திரும்பவில்லை என்றால், கிளம்பிய இடத்துக்கு வந்து சேராத வண்டி என்று அதை ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள். மிச்சம் இருப்பது ஃபியட். ஃபியட்தான் நல்ல வண்டி என்று பதிவாகும்.

"அப்ப இங்கேயே இருப்பாளுங்களா?"

"பதிவுல இங்கதான் இருப்பாங்க."

"நெசத்துல?"

"நெசத்துல நாலே கால் மைல்ல நின்னுக்கிட்டிருப்பாங்க. அப்புறம் யாரு போய்ச் சொன்னாலும் கேக்காது." பிலோமினா குடையை எடுத்துக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லலீங்க. மைல் மட்டுந்தான்."

ஒன்றும் செய்யாமல் ஆறு நாள் இருந்தால் போதும். ஒன்றும் செய்யாமல் இருப்பது நாச்சிமுத்துவுக்குக் கைவந்த வேலை. துளசிமணி கேட்ட எத்தனையோ காரியங்களை அவர் அப்படித்தான் கடத்தியிருக்கிறார். ஒரு நாள் இருந்தார். இரண்டாம் நாள் மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தவர் வெளியே வெயிலைப் பார்த்தார். சித்திரை வெயில். மோரிஸின் கூரை வெறும் தகரம். சூடு நேரே தலையில் இறங்கும். அவர் இலையை மூடிவிட்டு எழுந்து, பக்கத்துக் கடையிலிருந்து சிகாமணிக்குப் போன் செய்தார்.

"மாப்ள, எங்கூட்டுல இருந்து நாலே கால் மைல்ல உங்கக்கா எங்க போவா?"

"எதுக்குங்க?"

"பெட்ரோல் இல்லாம நின்னுட்டா."

போனில் தென்னை மட்டை விழும் சத்தம் கேட்டது.

"ஜின்னிங் பேக்டரிக் களமுங்க, தாராபுரம் ரோட்டுல. பருத்தி காயப்போடற சிமிட்டிக் களம். அங்கதான அக்கா ஓட்டிப் பழகுச்சு."

"எப்ப?"

"கண்ணாலத்துக்கு முந்தி. அப்பா பழக்கிவிட்டாரு, இதே மோரிஸ்ல. அக்கா எட்டுப் போடும் பாருங்க, களத்துல ஒரு பருத்திக் கொட்டை நகராது. உங்களுக்குத் தெரியாதுங்களா மச்சான்?"

"தெரியாது."

"சொல்லியிருக்குமுன்னு நெனச்சனுங்க."

"ஒருக்கா, வண்டிய எடுக்கட்டுமான்னு கேட்டா" என்றார் நாச்சிமுத்து. "பாக்கலாம்னேன்."

"அது எப்பங்க?"

"கண்ணாலம் ஆன மறு வாரம்."

சிகாமணி போனை வைத்துவிட்டான். நாச்சிமுத்து பஸ்ஸைப் பிடித்தார். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். இரண்டு கார் வைத்திருப்பவர் பஸ்ஸில் போவதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜின்னிங் பேக்டரி மூடிக் கிடந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரப் பாக்கோணும்?"

"எங்கூட்டுக்காரி களத்துல நின்னுட்டாங்க. வண்டி ஓடல."

"ஆமாங்க, ஒரு வாரமா இருக்கறாங்க" என்றார் வாட்ச்மேன். "தொந்தரவு ஒண்ணுமில்ல. போங்க. வெயிலுக்குத் தலையில துண்டப் போட்டுக்குங்க."

களம் வெள்ளையாகப் பரந்து கிடந்தது. ஒரு செடி கிடையாது. சிமெண்டின் வெடிப்புகளில் பழைய பருத்திக் கொட்டைகள் அடைந்திருந்தன. நாச்சிமுத்து நடுக்களம் வரை நடந்து போனார். எங்கே நிற்பது என்று தெரியவில்லை. டிரைவர் பக்கத்துக் கண்ணாடிக்கு அருகில் நிற்பதுபோல் கொஞ்சம் குனிந்து நின்றுகொண்டார்.

"துளசி" என்றார். "பெட்ரோல் ஊத்தியாச்சு. எடுத்தது நாந்தான்."

காற்று அடிக்கவில்லை.

"டேங்க் காஞ்சு போச்சுன்னு பயப்படாத. சாவியத் திருப்பு. ஒடனே ஸ்டார்ட் பண்ணாத. எஞ்சினுக்குப் பின்னால கரண்டு பம்ப் இருக்குது, டிக்கு டிக்குனு அடிக்கும். பெட்ரோல் வந்து நெறஞ்சதும் அதுவா ஓஞ்சுரும். ஓயற வரைக்கும் பொறுத்துக்கிட்டு அப்புறம்..."

அங்கே நிறுத்திக்கொண்டார்.

"உனக்குத்தான் தெரியுமே" என்றார்.

தலையில் போட்ட துண்டு நனைந்துவிட்டது. இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்குள் சொன்னால் கேட்காது. வெளியில் என்றால் கேட்கும்.

"ஃபியட்டா இருந்தா இப்படி நின்னா பானெட்டத் தொறந்து, பம்புல இருக்கற சின்ன லீவர விரலால அடிச்சு அடிச்சு ஏத்தோணும். இந்த வெயில்ல கை வெந்துரும். மோரிஸ்ல அது இல்ல. ஸ்டியரிங்கும் மோரிஸ்தான் நல்லது. குழி தெரியாதுங்கறதும் வாஸ்தவந்தான். எனக்கு அப்பவே தெரியும்."

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எதிரே எங்கோ கீழேயிருந்து டிக்கு, டிக்கு, டிக்கு என்று சத்தம் வந்தது. முதலில் வேகமாக அடித்தது. பிறகு விட்டுவிட்டு அடித்தது. பிறகு ஓய்ந்தது. அவர் ஒரு அடி பின்னுக்கு நகர்ந்து வழிவிட்டார். களத்தில் பருத்திக் கொட்டை ஒன்றுகூட நகரவில்லை.

வாட்ச்மேன் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சற்றுப் பொறுத்து மூடினார்.

"போயிட்டாங்க. உங்களயும் ஏத்திட்டுப் போயிருக்கலாம்" என்றார்.

"நான் ஏறக் கூடாதுங்க" என்றார் நாச்சிமுத்து. திரும்பும் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றார்.

வீட்டுக்கு வந்து கொட்டகைக்குப் போனபோது மோரிஸின் மீட்டரில் இன்னொரு நாலே கால் மைல் கூடியிருந்தது. பானெட் ஆறியிருந்தது. அரை மணியில் ஆறிவிடும் வண்டி அது.

மிச்சம் இருந்த நாட்களில் மோரிஸ்தான் ஓடியது. இருபத்தெட்டாம் நாள் ஒருமுறை ஃபியட்டில் கால் மைல் மட்டும் கூடியிருந்தது. தெருமுனை வரை போய்த் திரும்பும் தூரம். டிரைவர் சீட் கடைசிப் பல் வரை பின்னுக்கு, அவர் உட்காரும் அளவுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அன்றைக்கு அவர் முக்கால் மணி நேரத்துக்கும் மேலேயே பானெட்டில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

முப்பதாம் நாள் சாயங்காலம் பிலோமினா நோட்டோடு வந்தார். சிகாமணியும் வந்திருந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கொட்டகையில் இருந்த ஒரே நாற்காலியில் பிலோமினாவை உட்கார வைத்துவிட்டு இருவரும் நின்றார்கள்.

பிலோமினா படித்தார். இடவசதியில் ஃபியட். மேட்டில் இழுப்பதில் ஃபியட், ஆனால் மேடு இல்லாததால் தள்ளுபடி. கதவில் ஃபியட். ஸ்டியரிங்கில் மோரிஸ். குழியில் மோரிஸ். மற்றவற்றில் சமம். பத்தொன்பதாம் நாள் வரை எந்த வண்டி என்று சொல்ல முடியாத நிலை. அதற்குப் பிறகு, எரிபொருள் அறவே தீர்ந்து வெட்டவெளியில் நின்ற பின், பானெட்டைத் திறக்காமலும் யாரும் தொடாமலும் மறுபடி கிளம்பியதில் மோரிஸ். இறந்தவர் இதைத்தான் முடிவான பரீட்சையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"இந்தப் பரீட்சை சாதாரணமா யாருக்கும் அமையாது" என்றார் பிலோமினா. "எரிபொருள் தீந்து போறது ரொம்பக் கம்மி. நல்ல வண்டி மோரிஸ்."

"எப்படித் தீந்துச்சுங்க?" என்று கேட்டான் சிகாமணி.

பிலோமினா நோட்டைப் புரட்டினார். "அது பதிவுல இல்ல" என்றார்.

நாச்சிமுத்து கையெழுத்துப் போட்டார். சிகாமணியும் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது சிகாமணி நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வாங்க மச்சான். அக்கா இருக்கும்."

"வண்டியில ஏறலாமா?"

"அதுக்கென்னங்க. ஆனா பின்னால உக்காருங்க. முன்னால நானு."

"உக்காரறேன் மாப்ள."

மறுநாள் காலை சிகாமணி மோரிஸின் இடது முன்சீட்டில் ஏறி மடியில் ஒரு தேங்காயை வைத்துக்கொண்டான். டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. சாவி திரும்பியது. பம்ப் டிக்கு டிக்கென்று அடித்து ஓய்ந்தது. வண்டி ஒரு உலுக்கலும் இல்லாமல் பின்னுக்கு வந்து, ஒரே மடக்கில் திரும்பி, வாசல் கேட்டில் நின்றது. நாச்சிமுத்து கேட்டைத் திறந்துவிட்டார். இடப்பக்கத் தூணிலிருந்து மஞ்சள் கை வெளியே நீண்டது. தெருவில் ஒரு சைக்கிள் போகட்டும் என்று காத்திருந்து, மோரிஸ் இடப்பக்கம் திரும்பிப் போனது. தெருமுனை தாண்டிய பிறகு கேட்டை மூடினார்.

அவர் உள்ளே வந்து ஃபியட்டின் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். காலையிலேயே வெயில் அதன் மேல் ஏறியிருந்தது. அந்தச் சூடு வேறு.

ஒரு வாரம் கழித்துப் பிலோமினா மறுபடி வந்தார். செவ்வாய்க்கிழமை இல்லை, வியாழக்கிழமை.

"உங்க ஃபியட் சும்மா நிக்குதில்லீங்களா?"

"ஆமாங்க."

"தாராபுரத்துல ஒரு டீச்சர். சுகந்தாபாய்னு பேரு. தனி ஆளு. போன ஞாயித்துக்கெழமை எறந்துட்டாங்க. மலைப்பாதையில ஒருதடவ தானே ஓட்டிக்கிட்டு ஏறிப் பாக்கணும்னு நிலுவை. அவங்ககிட்ட கார் இல்ல. மேட்டுல இழுக்கற வண்டியா பாத்துக் குடுக்கச் சொல்லி உத்தரவு."

நாச்சிமுத்து எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். பிலோமினா விரலால் காட்டினார்.

"முப்பது நாளுங்களா?"

"அவங்களுக்கு அதுக்கப்புறம் போறதுக்கு வேற வீடு இல்ல. இதுலயேதான் இருப்பாங்க."

"சரிங்க."

இப்போது தினமும் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஃபியட் ஓடுகிறது. திரும்பி வரும்போது அதன் கண்ணாடிகளில் மலைப் பனி படிந்திருக்கிறது. பானெட்டில் கை வைக்க முடிவதில்லை, அத்தனை குளிர். நாச்சிமுத்து ஒரு துண்டை எடுத்துப்போய் முன்கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டு வருகிறார். சுகந்தாபாய் டீச்சரை அவருக்குத் தெரியாது. கொட்டகையின் இடப்பக்கம், பன்னிரண்டரை அடி நீளமும் ஐந்தடி அகலமும், காலியாக இருக்கிறது.